மூணு மணி நேர பேக்கப்

கம்ப்யூட்டர் செத்துப்போச்சு என்று போனில் சொல்பவர்களை நான் லேசில் நம்புவதில்லை. பாதிப் பேர் வீட்டில் செத்திருப்பது பிளக் பாயின்ட்டாக இருக்கும். மீதியில் பாதி பஞ்சு. திருப்பூரில் பஞ்சு போகாத இடம் கிடையாது. மூக்கில் ஏறும், டீயில் மிதக்கும், சிபியு பெட்டிக்குள் மெத்தை விரித்துப் படுத்துக்கொள்ளும். ஃபேனைச் சுற்றிக்கொண்டிருப்பதை எடுத்துவிட்டால் பெட்டிக்கு மூச்சு வந்துவிடும். அதற்கும் மசியாத பெட்டிகளுக்காகத்தான் என் பையில் ஸ்க்ரூ டிரைவர் வைத்திருக்கிறேன்.

இப்படிப் பேசுவதால் எனக்குத் திமிர் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கிறதுதான், இல்லையென்று எப்போது சொன்னேன்? பனியன் கம்பெனியில் ஏழு வருடம் செக்கிங் டேபிளில் நின்றவள் நான். தைத்து வரும் பீஸ்களில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எல்லாவற்றையும் கண்டுபிடித்து, அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். முதலில் முன்பக்கம், பிறகு பின்பக்கம், கழுத்து, கை, சைடு தையல், கடைசியாகத் திருப்பி உள்பக்கம். வரிசை மாறினால் ஏதாவது ஒன்று தப்பிவிடும். கம்ப்யூட்டர் ரிப்பேரைப் பிற்பாடு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில்தான் படித்தேன். படித்ததில் பாதி மறந்துவிட்டது, செக்கிங் வரிசை மறக்கவில்லை. சில வீடுகளில் நான் பையோடு உள்ளே நுழைந்த பிறகும், மெக்கானிக் எப்போது வருவார் என்று என்னிடமே கேட்பார்கள். வந்தாச்சுங்க என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் திருப்புவேன்.

அன்று காலை கூப்பிட்டவள் அப்படிக் கேட்கும் ஆள் இல்லை. அதே செக்கிங் டேபிளில் எனக்கு எதிர்ப்பக்கம் நின்றவள். என்னைவிட நான்கு வயது சின்னவள், அதனால் நான் அவளுக்கு அக்கா, அவள் எனக்கு அம்மிணி. கம்பெனியை விட்டு முதலில் வெளியேறியது நான். அடுத்த வருடமே அவளும் வந்துவிட்டாள். அவள் கற்றுக்கொண்டது எம்ப்ராய்டரி பஞ்சிங். குழந்தைச் சட்டையின் நெஞ்சில் ஒரு பூவோ கரடியோ மெஷினில் தைக்க வேண்டுமென்றால், ஊசி எங்கே இறங்க வேண்டும், நூல் எந்தப் பக்கம் ஓட வேண்டும், எங்கே அறுக்க வேண்டும் என்று அந்தப் படத்தைத் தையல் தையலாகக் கம்ப்யூட்டரில் பிரித்துக் கொடுக்க வேண்டும். அதுதான் பஞ்சிங். மங்கலத்தில் தன் வீட்டு முன்னறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பதினோரு வருடமாக அந்த வேலையைச் செய்துவருகிறாள்.

அந்தப் பெட்டிதான் ஆன் ஆகவில்லை. உள்ளே ஏதோ கரகரவென்று சத்தம் வருகிறது என்றாள். பிளக்கைப் பார் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். சத்தம் என்றால் விஷயம் வேறு. பெட்டியைத் தொடாதே, சுவிட்சை அணைத்து வை என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய கணவர் நிட்டிங் மெஷினில் நைட் ஷிப்ட் முடித்து வந்து, குளிக்காமல் பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷன். ஆனால் எந்த மெஷின் நின்றாலும் இரண்டு தட்டு தட்டினால் ஓடும் என்பது அவருடைய கட்சி. காலையிலேயே ஒன்று தட்டிவிட்டாராம். இன்னொன்று தட்டிப் பார்க்கட்டுமா என்று என்னிடம் அனுமதி கேட்டார்.

"உங்க மெஷினுக்குள்ள ஊசி நூலப் புடிச்சு இழுக்குதுங்க. இதுக்குள்ள இருக்கற ஊசி, சுத்தற தட்டு மேல படாம முடியளவு உசரத்துல பறக்குதுங்க. நீங்க தட்டுனா அது போய் உழுந்து உழுதுரும்" என்றேன். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

முன்பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். மானிட்டரில் விளக்கு எரிந்தது. பின்பக்க ஒயர்கள் இறுக்கமாகத்தான் இருந்தன. பெட்டியைத் திறந்தால் பஞ்சும் கம்மிதான், என் கை பட்ட பெட்டியாயிற்றே. ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ஒரே ஒரு தடவை சுவிட்சைப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. எதிலிருந்து தொடங்குவது, டிஸ்க்கைக் காணோமே என்று கேட்டது. அணைத்துவிட்டு, ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் கேபிளைக் கழற்றி என் பையிலிருந்த நல்ல கேபிளைப் போட்டேன். அடுத்த முறை பெட்டியின் பட்டியலில் டிஸ்க்கின் பெயர் வந்தது, போனது. வெகுநேரம் கழித்து மறுபடியும் வந்தது. சந்தேகமே இல்லை. கேபிள் அல்ல, கரண்ட் அல்ல, டிஸ்க்தான்.

நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி டிஸ்க்கை வெளியே எடுத்தேன். பர்ஸில் இன்றைக்கும் ஒரு தாள் அம்புக்குறி ஸ்டிக்கர் வைத்திருப்பேன். ஒன்றைப் பிய்த்து அதன் தலையில் ஒட்டினேன். பழைய பழக்கம். அவள் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போனாள். செக்கிங் டேபிளில் நின்றவளுக்கு அதன் அர்த்தத்தைச் சொல்லவா வேண்டும்?

பயப்படாதே என்றேன். எனக்குப் பயமே இல்லை. வருடா வருடம் சர்வீஸுக்கு வரும்போதெல்லாம் இவளிடம் கேட்டு உறுதி செய்திருந்த விஷயம் ஒன்று இருந்தது. அந்தத் தெம்பில்தான் கேட்டேன்.

"டிஸ்க்கு போனாப் போகுது அம்மிணி. பேக்கப் இருக்குதல்ல?"

அவள் முகம் தெளிந்தது. "இருக்குதுங்கக்கா. மூணு மணி நேரம் இருக்குது" என்றாள். மேஜைக்கு அடியில் கையைக் காட்டினாள்.

அங்கே யூபிஎஸ் இருந்தது. துடைத்துச் சுத்தமாக, ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்துபோய், பக்கத்தில் பேட்டரியோடு நின்றது. கரண்ட் போனால் மூன்று மணி நேரம் தாங்கும். எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

எங்கள் ஊரில் பேக்கப் என்றால் அதுதான். பேட்டரி கடைக்குப் போனால், எத்தனை மணி நேர பேக்கப் வேண்டும் என்றுதான் முதலில் கேட்பார்கள். கல்யாண மண்டபம் பேசப் போனால் ஜெனரேட்டர் பேக்கப் உண்டா என்று பெண் வீட்டார் கேட்பார்கள். தையல் பாதியில் இருக்கும்போது கரண்ட் போய் அடி வாங்கிய ஊர் இது, அந்த வார்த்தையை வேறு எதற்கு வைத்துக்கொள்ளும்? ஃபைல்களை இன்னொரு இடத்தில் காப்பி எடுத்து வைப்பதற்கும் அதே பெயர் என்பது என்னைப் போல வகுப்புக்குப் போனவர்களின் பாஷை. நானும் இதே ஊர்க்காரிதான். அந்த வார்த்தைக்கு இங்கே என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு வருடமும் வேலையை முடித்து, பையை ஜிப் போட்டுக்கொண்டே, வாசற்படியில் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டிருக்கிறேன். இருக்குதுங்கக்கா என்பாள். ஒரு வருடம், போன மாதம்தான் புதுசு மாற்றினேன் என்றுகூடச் சொன்னாள். கெட்டிக்காரி என்று பாராட்டிவிட்டு வந்தேன்.

ஏழு வருடம் செக்கிங்கில் நின்றவள், உள்பக்கம் திருப்பாமல் பீஸைப் பாஸ் செய்திருக்கிறேன். அதுவும் ஒரு தடவை அல்ல.

நான் கேட்ட பேக்கப் யூபிஎஸ் அல்ல, ஃபைல்களின் காப்பி என்று அவளுக்கு விளக்கினேன், என் தப்பை மட்டும் சொல்லவில்லை. டிஸ்க்கை என் கடைக்குக் கொண்டுபோய்க் காப்பி எடுத்துப் பார்க்கலாம் என்றேன். அவளும் கிளம்பினாள். டிஸ்க்கைத் துண்டில் சுற்றி, வண்டியில் என் முதுகுக்கும் தன் வயிற்றுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு வந்தாள். வழியில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் என்னை மெல்லப் போகச் சொன்னாள். நானும் மெல்லத்தான் போனேன், பின்னால் வந்த மினி பஸ்காரன் ஹாரனிலேயே என்னைத் திட்டித் தீர்த்தான்.

போகிற டிஸ்க்கிடம் அவசரப்படக் கூடாது. அதைத் தொடக்கி, ஃபோல்டரைத் திறந்து, வேண்டியதைத் தேடிக்கொண்டிருந்தால் தேடுவதற்குள் உயிரை விட்டுவிடும். என் மெஷினில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, பக்கத்தில் டேபிள் ஃபேனை வைத்துக் குளிர்த்தி, காப்பி எடுக்கும் புரோகிராமை ஓடவிட்டேன். அந்தப் புரோகிராமுக்கு நல்ல பொறுமை. சுலபமாகப் படிக்க முடிந்த இடங்களை முதலில் அள்ளிக்கொள்ளும், திணறும் இடத்தைத் தாண்டிப் போய்விடும். எல்லாம் முடிந்த பிறகு திரும்பி வந்து, திணறிய இடங்களை ஒவ்வொன்றாக மெதுவாகக் கேட்கும். கைப்பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது போலத்தான், வாயைத் திறக்கும்போது கொடுக்க வேண்டும். இதில் எனக்கு நல்ல கை. வரும் என்று எனக்குப் பட்டது. எவ்வளவு வரும் என்பதுதான் தெரியவில்லை.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, திரையில் ஊர்ந்துகொண்டிருந்த பச்சைக் கோட்டின் முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்கு வரும் வேலையில் முக்கால்வாசி பழைய டிசைன்தான். போன வருடம் போட்ட பூனை, கொஞ்சம் பெரிதாக வேண்டும் என்பார்கள். அதே கார், நூல் கலர் மட்டும் மாற்ற வேண்டும் என்பார்கள். பழைய ஃபைலைத் திறந்து அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுப்பாள். அதற்காகத்தான் எம்ப்ராய்டரிக்காரர்கள் மங்கலம் வரை வருகிறார்கள். ஃபைல் இல்லையென்றால் அவர்கள் எதற்கு அவளைத் தேடி வர வேண்டும்? அதைவிட, மறுநாள் சாயங்காலத்துக்குள் ஒரு யானை போயாக வேண்டும். சென்ற வருடம் போட்ட குட்டி யானை. அதையே இன்னும் சின்னதாக்கிச் சாம்பிள் தைக்க, ஊத்துக்குளி ரோட்டில் ஒரு யூனிட் மெஷினை ஒதுக்கி வைத்துக் காத்திருந்தது.

மத்தியானம், திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"வராட்டி மறுபடியும் கம்பெனிக்குத்தானுங்க போகோணும். நின்னுட்டே வேலை செய்யறதுகூடப் பரவால்லீங்க. பாத்ரூம் போகறதுக்கு டோக்கன் வாங்கோணும் பாருங்க, அதுதானுங்க முடியாது."

நாங்கள் நின்ற கம்பெனியில் ஒரு லைனுக்கு இரண்டு டோக்கன். இரண்டும் போய்விட்டால், ஒருத்தி திரும்பி வரும்வரை அடுத்தவள் காலை இறுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். நானும் நின்றிருக்கிறேன்.

"என்ற தப்புதானுங்கக்கா. நீங்க வருசா வருசம் கேட்டுட்டுத்தான் போனீங்க. படிக்காத கழுத, எனக்குத்தான் வெளங்கல" என்றாள்.

சும்மா இருந்திருந்தால் அந்தப் பேச்சு அப்படியே போயிருக்கும். சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு உடனே தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். டீ வந்தது. குடித்தேன். டம்ளரைக் கழுவினேன். கழுவிய டம்ளரை மறுபடியும் கழுவினேன். எந்தக் கடையில் எந்தப் பெட்டி நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று மார்தட்டுகிறவளுக்கு, ஒரு வாக்கியம் வாயில் வர அவ்வளவு நேரம் பிடித்தது. வெட்கமாக இருந்தது.

"உன்ற தப்பில்ல அம்மிணி. நான் கேட்டேன். பாக்கல" என்றேன்.

அவள் திரும்பினாள். அப்போதே பார்த்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டாள். ஒரு டிஸ்க் வாங்கி அன்றைக்கே காப்பி போட்டிருப்பேன், ஒரு மணி நேர வேலை என்றேன். பரவாயில்லை அக்கா என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. எழுந்து வெளியே போனாள். கடை வாசலில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றாள். கோபம்தான், வேறென்ன? நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் டம்ளரை எடுத்து வீசியிருப்பேன். திரும்பி வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"செரி. இனி என்ன பண்றது, அதச் சொல்லுங்" என்றாள்.

மறுநாள் காலை காப்பி முடிந்திருந்தது. அவள் எனக்கு முன்பே வந்து, பூட்டிய ஷட்டருக்கு முன்னால் நின்றிருந்தாள். ஃபோல்டரைத் திறந்தேன். பெயர்கள் வரிசையாக வந்தன. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அவள் வைத்த பெயர்கள். கோழி பெருசு. கோழி பெருசு கடைசி. கோழி நெசமாவே கடைசி. டிசைனைக் காட்ட மட்டும் செய்யும் ஒரு சின்ன புரோகிராமில் முதல் கோழியைத் திறந்தேன், கொண்டையும் வாலுமாக வந்து நின்றது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பூ, கரடி, கார், கப்பல் என்று ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனோம். பெரும்பாலும் வந்துவிட்டது. நாற்பது சொச்சம் ஃபைல்கள் மட்டும் பெயர் இருந்தும் திறக்கவில்லை. டிஸ்க் கெட்டுப்போன இடத்தில் அவை இருந்திருக்கின்றன.

யானை அந்த நாற்பதில் ஒன்று.

டிஸ்க்கில் இல்லையென்றால் வேறு எங்கே இருக்கும்? இந்தக் கேள்வியை முன்பே கேட்டிருக்க வேண்டியவள் நான். யானை சென்ற வருடம் எந்த யூனிட்டில் ஓடியது என்று கேட்டேன். அதே ஊத்துக்குளி ரோடு யூனிட்தான் என்றாள். அப்படியானால் கவலையில்லை. எம்ப்ராய்டரி மெஷினுக்கு டிசைனைப் பென் டிரைவில் கொடுத்தால், அது தன் வயிற்றுக்குள் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளும். இடம் போதாமல் யாராவது அழித்தால்தான் போகும். அங்கே மெஷின் ஓட்டுபவர் பீகார்க்காரர். என் ஹிந்தி, சந்தையில் தக்காளி பேரம் பேசும் அளவு. போனில் ஹாத்தி ஹை க்யா என்று கேட்டேன். காலையில் யாரோ யானை கேட்கிறார்களே என்று முதலில் குழம்பியிருப்பார். பிறகு புரிந்துகொண்டு, மெஷினில் தேடி, திரையைப் போட்டோ எடுத்து அனுப்பினார். பெயர் இல்லை, வெறும் நம்பர். ஆனால் தும்பிக்கை தெரிந்தது.

பென் டிரைவோடு போய் வாங்கி வந்தோம். இதிலும் ஒரு சிக்கல் இருந்தது. மெஷினில் இருப்பது தைத்து முடித்த சட்டை மாதிரி. போடலாம், பிரித்து அளவு மாற்ற முடியாது. சின்னதாக்கினால் நூல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஊசி உடையும். அவளிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள், அவள் என் நாற்காலியில் உட்கார்ந்து பஞ்சிங் சாப்ட்வேரை ஏற்றிக்கொண்டிருந்தாள். பழைய யானையைத் திரையில் அடியில் வைத்துக்கொண்டு, அதன் மேலேயே புது யானையை முதலிலிருந்து போட்டாள். காதில் ஆரம்பிக்க வேண்டும், தும்பிக்கையைக் கடைசியில் முடிக்க வேண்டும், கண்ணுக்கு நூலை அறுக்கக் கூடாது என்று முணுமுணுத்துக்கொண்டே மூன்று மணி நேரம் அசையாமல் செய்தாள். நான் ஓரமாக நின்று பார்த்தேன். என் கடையில் என் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து எனக்குக் கோபம் வராத நாள் அது ஒன்றுதான். நாலரை மணிக்கு யானை ஊத்துக்குளி ரோட்டுக்குப் போய்விட்டது. சாம்பிள் தைத்துச் சரியாக வந்திருக்கிறது என்று ஆறு மணிக்குப் போன் வந்தது. டோக்கன் வாங்க வேண்டியதில்லைங்கக்கா என்றாள்.

அவள் வீட்டுக்குப் போய்ப் பெட்டியில் புது டிஸ்க் மாட்டினேன். இன்னொரு டிஸ்க்கில் எல்லாவற்றையும் பிரதி எடுத்து அவள் கையில் கொடுத்து, இதை யூபிஎஸ் பக்கத்தில் வைக்காதே, இந்த வீட்டிலேயே வைக்காதே என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அதை என்னிடமே திருப்பித் தந்தாள். அன்றிலிருந்து அது என் வீட்டுப் பீரோவில், வீட்டுப் பத்திரத்துக்கும் ரேஷன் கார்டுக்கும் நடுவில் இருக்கிறது. மாதம் ஒருமுறை புது ஃபைல்களோடு வருவாள், நான் ஏற்றிவைப்பேன். மற்ற வாடிக்கையாளர்களிடம் இப்போது பேக்கப் என்ற வார்த்தையையே எடுப்பதில்லை. இந்தப் பெட்டி எரிந்துபோனால் உங்கள் ஃபைல் வேறு எங்கே இருக்கிறது, எடுத்துக் காட்டுங்கள் என்கிறேன். காட்டும்வரை பையை ஜிப் போடுவதில்லை. திமிர் கூடிவிட்டது என்கிறார்கள்.

போன வாரம் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் கூப்பிட்டாள். நலம் விசாரிக்கவெல்லாம் இல்லை.

"அக்கா, பேக்கப் இருக்குதுங்களா?"

"இருக்குது அம்மிணி."

"எந்திரிச்சுப் போய்ப் பாத்துப்போட்டுச் சொல்லுங்."

எனக்குச் சுருக்கென்றது. கையில் ரசம் சோறு. யாரிடம் என்ன கேட்கிறாள் இவள் என்று ஒரு நிமிடம் கொதித்தேன். அந்த முனையில் அவள் போனை வைக்காமல் காத்திருந்தாள். எழுந்து கையைக் கழுவினேன். பீரோவைத் திறந்து டிஸ்க்கை எடுத்தேன். அதோடும் விடவில்லை. உறையிலிருந்து உருவி, லேப்டாப்பில் மாட்டி, யானையைத் தேடித் திறந்தேன். காதிலிருந்து தும்பிக்கை வரை முழுசாக வந்தது. அதற்குப் பிறகுதான் போனை எடுத்து, இருக்கிறது என்று சொன்னேன்.